ஸ்பிண்டிலை உடைத்த பொண்ணு

மூன்றாம் ஆண்டு பாதி ஓடும்வரை என் கைக்கு மவுஸ் வரவே இல்லை.

எங்கள் கல்லூரி கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. தினமும் ஓசூரிலிருந்து பஸ். குந்தாரப்பள்ளியில் சந்தை நாளென்றால் மாடுகள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை வண்டி நகராது, முதல் பீரியட் போய்விடும். அந்த முதல் பீரியட்தான் எங்களுக்குக் கேட்-கேம் லேப். கேட் என்றால் ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைவது. கேம் என்றால் வரைந்ததை, இரும்பை வெட்டுகிற மிஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது. இரண்டும் தெரிந்தவர்களுக்காக ஓசூர் கம்பெனிகள் வாசலில் நின்று காத்திருக்கின்றன என்று அந்த நாட்களில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. புது ஷெட்டுகள் முளைத்துக்கொண்டே இருந்தன, சொன்னதை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை.

லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். நடுவில் ஒரு பையன், மவுஸ் அவனிடம். ஒரு பக்கம் அவனுடைய சிநேகிதன். மறு பக்கம் நான், மேனுவலைப் பார்த்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாசிப்பவள். நான் வாசிப்பேன், அவன் செய்வான், சார் வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போவார். "ஒரு தடவை குடேன், நான் போடறேன்" என்று கேட்டால், "இரு இரு, இத முடிச்சிடறேன்" என்பான். அவன் முடிக்கும்போது மணி அடித்துவிடும். கெட்டவன் இல்லை. என் கை அங்கே வரவேண்டிய கை என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள். எல்லோரும் மேனுவல் வாசித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஊருக்குப் போய்க் கீழாநெல்லி குடித்துக்கொண்டு படுத்துவிட்டான். சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூடாது. சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் நான் வரைந்தது ஒரு பேரிங் வைக்கும் கூடு. தாளில் அதை ஏற்கெனவே பலமுறை வரைந்திருக்கிறேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், நடுவில் அறுத்தால் எப்படி இருக்கும் என்று ஒன்று. தாளில் அது கோடுகளாகவே இருக்கும். திரையில் நான்கு கோடுகளைப் போட்டு ஒரு அச்சைச் சுற்றித் திருப்பியதும் அது ஒரு உடம்பாக எழுந்து நின்றது. மவுஸை அழுத்தித் திருப்பினேன். அடிப்பக்கம் தெரிந்தது. துளைக்குள் எட்டிப் பார்த்தேன். கையில் எடுத்தால் கனக்கும் என்று தோன்றியது. ராயக்கோட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்போது சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே எனக்கு உண்டு. அந்தச் சக்கரத்தின் உள்ளே போய்ப் பார்த்ததுபோல இருந்தது. பக்கத்திலிருந்த சிநேகிதன், "போதும் விடு, அடுத்தத போடு, ரெக்கார்டு முடிக்கணும்" என்றான். நான் விடவில்லை.

கேட் அப்படிக் கைக்கு வந்தது. கேம் வரவில்லை. லேபின் மூலையில் ஒரு சின்ன சி.என்.சி. லேத் இருந்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே கடைகிற லேத். எப்போதும் நீல நிற உறை போட்டு மூடியிருப்பார்கள். இன்ஸ்பெக்ஷன் வரும் நாளிலும் பரீட்சை நாளிலும் உறை கழற்றப்படும். அன்று அது மெழுகுக் கட்டியில் ஒரு சதுரங்கச் சிப்பாயைக் கடையும். ப்ரோக்ராம் முன்பே அதற்குள் இருந்தது. நாங்கள் பட்டனை அழுத்த வேண்டும். எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அதே சிப்பாயைத்தான் கடைந்தார்கள். "நாமளே ஒண்ணு எழுதிப் போட்டுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன். சார் பதறிவிட்டார். "ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? எனக்கே மேனுவல்ல இருக்கிறதுதான் தெரியும்." உண்மையைச் சொன்னதற்காக அவரை மதித்தேன். ஆனால் நான் கட்டணம் கட்டிப் படித்தது அந்த உறையைத்தான் என்பதும் அன்று தெரிந்தது.

கடைசி ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூ. ஓசூரில் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரிக்கு வருவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். துறை மெக்கானிக்கல். அடியில் அடைப்புக்குள் 'ஆண்கள் மட்டும்'.

ஆள் எடுக்க அந்தக் கம்பெனியின் அதிகாரி வந்த அன்று முதல்வர் அறை வாசலில் காத்திருந்தேன். தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தவரிடம், "சார், எழுத்துத் தேர்வு மட்டும் எழுதிப் பாக்கிறேன் சார். வேலை தரலைன்னாலும் பரவாயில்ல" என்றேன். மெதுவாகச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மூணு ஷிஃப்ட். உங்க சேஃப்டிக்காகத்தான்."

"டிசைன் டிபார்ட்மென்ட்லயும் மூணு ஷிஃப்டா சார்?"

அவர் தன் கூட வந்த பிளேஸ்மென்ட் சாரை, எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனிப்பவரை, பார்த்தார். பிளேஸ்மென்ட் சார் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஏம்மா, அடுத்த வாரம் பெங்களூர்ல இருந்து சாஃப்ட்வேர் கம்பெனி வருது. அதுல உக்காரு. அவங்களுக்கு ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான்."

மஞ்சள் காமாலைக்காரன் அந்தப் பெரிய கம்பெனியில் தேறினான். சந்தோஷமாக எங்களுக்குப் பால்கோவா கொடுத்தான். வாங்கித் தின்றேன்.

என் அப்பா ஓசூரில் வண்டித் தொழிற்சாலை ஒன்றில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. நடந்ததைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எங்க லைன்லயும் இப்ப பொம்பளப் புள்ளைக இருக்காக பாப்பா. ஒயரு மாட்டுற எடத்துல உக்கார வச்சிருக்காய்ங்க. மிஷினு கிட்ட விடமாட்டாய்ங்க" என்றார். அதில் வருத்தம் இல்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நான் உட்காரவில்லை. பிடிவாதம் என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னது சரி.

பாகலூர் சாலையில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு கேட்-கேம் பயிற்சி மையம் இருந்தது. அங்கே சேர்ந்தேன். கரண்ட் எந்த நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் வரைந்த பாகம் ஒரு நொடியில் காணாமல் போகும். இன்றைக்கும் எதை வரைந்தாலும் என் இடது கை தன்னால் சேவ் பட்டனுக்குப் போய்விடுகிறது. அங்கே சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். கேம் அவருக்கு நன்றாகவே வரும். இரும்புக் கட்டியை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குவது, எந்த டூல், அது எந்த வழியாகப் போக வேண்டும், எல்லாவற்றையும் திரையில் ஓட்டிக் காட்டுவார். திரையில் மஞ்சள் நிற டூல் சாம்பல் நிறக் கட்டியைத் தின்றுகொண்டே போகும். வேண்டிய வடிவம் மிஞ்சி நிற்கும்.

"நிஜத்துல வெட்டும்போதும் இப்படித்தான் இருக்குமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னும் நேர்ல பாத்ததில்லங்க."

இருவரும் சிரித்தோம். அவரிடம் கற்ற அத்தனை பேரும் திரையில் மட்டுமே இரும்பை வெட்டியிருந்தோம். ஆனால் அவர் நல்லவர். தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் என்னிடம்தான் சொன்னார். டூல் ரூம் என்றால் மற்ற கம்பெனிகளுக்குத் தேவையான அச்சுகளைச் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர், சொந்தமாக ஷெட் போட்டவர். போனில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், ஆபரேட்டரிடம் கன்னடம். என்னை ஒரு பாகம் வரையச் சொன்னார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வரைந்துவிட்டேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

"நாளைக்கே வந்துடும்மா. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உன் வேலை இந்த ரூம்ல. ஷாப் ஃப்ளோருக்குள்ள போவாத. பசங்க ஒரு மாதிரி பேசிட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் வேலை ஓடாது, உனக்கும் மரியாதை இல்ல."

"ப்ரோக்ராம் நான்தானே சார் எழுதறேன். மிஷின் எப்படி வெட்டுதுன்னு பாக்கணும் இல்ல?"

"அதான் கண்ணாடி வெச்சிருக்கேனே" என்றார்.

உண்மையிலேயே வைத்திருந்தார். அறைக்கும் மிஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கும் இடையே ஒரு பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், ஒரு லாரி கேபின் அளவுக்கு, வெட்டும் மிஷின் நின்றது. மிஷினுக்கும் ஒரு கதவு, அதிலும் ஒரு கண்ணாடி. இரண்டு கண்ணாடி தாண்டி நான் பார்த்ததெல்லாம் சூடு தணிக்கப் பால்போலத் தெறிக்கும் கூலன்ட் நீர் மட்டும்தான். ஆனால் காது பழகிவிட்டது. சீராக வெட்டும்போது ஒரு சத்தம், டூல் மழுங்கினால் கீச்சென்று வேறொரு சத்தம். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் சத்தத்தை வைத்தே, இப்போது என் ப்ரோக்ராமின் எந்தப் பகுதி ஓடுகிறது என்று சொல்ல முடிந்தது.

ஆபரேட்டர் தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். ப்ரோக்ராமை வாங்கிப்போக அறைக்கு வருவார், வாசலிலேயே நிற்பார். "மேடம், மூலையில கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. டூல் அதிருது" என்பார். குறைத்துக் கொடுப்பேன். மறுமுறை வந்து, "இப்ப சரியாயிடுச்சு" என்பார். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டறையில் என்னிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசிய ஒரே ஆள் அவர்.

ஒரு வருடம் ஆன பிறகு ஒரு பெரிய வேலை வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற பம்பு செய்யும் கம்பெனி ஒன்று, பம்பின் பிளாஸ்டிக் மூடிக்கு அச்சு கேட்டது. தக்காளித் தோட்டங்களில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நடப்பார்களே, அந்தப் பம்பு. பழைய மூடி தட்டையாக இருந்ததால் மருந்து தேங்கி முதுகில் ஒழுகியது. வளைவாக வேண்டும் என்றார்கள். அந்த வளைவை நான் வரைந்தேன். அதன் அச்சை நான் வரைந்தேன். அதை வெட்டும் ப்ரோக்ராமையும் நான் எழுதினேன். ஒரு பொருள் தொடக்கம் முதல் கடைசிவரை என் தலையிலிருந்து இறங்கியது அதுதான் முதல் தடவை. சாப்பிடும்போதும் அந்த வளைவு கண்ணில் நின்றது.

நடந்தது புரிய வேண்டுமானால் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டூல் ஒரு இடத்தில் வெட்டி முடித்ததும் மேலே எழும், பிறகு வெகு வேகமாக அடுத்த இடத்துக்குத் தாவும். எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்பது ப்ரோக்ராமில் இருக்கும். இரும்புக் கட்டியை அடியிலிருந்து போல்ட் போட்டு மேசையோடு இறுக்க வேண்டும், மேலே எதுவும் இருக்கக் கூடாது என்று என் வரைபடத்தில் போட்டிருந்தேன். அதற்கேற்ற குறைந்த உயரத்தைக் கொடுத்திருந்தேன்.

வெட்டப்போகும் நாளன்று காலையிலேயே முதலாளியிடம் போனேன். "சார், முதல் தடவை ஓடும்போது மட்டும் நான் கூட நின்னு பாக்கறேன். அஞ்சு நிமிஷம்."

"கண்ணாடிகிட்ட நின்னு பாரும்மா."

"கட்டியை எப்படிப் புடிச்சிருக்காங்கன்னு இங்கேருந்து தெரியாது சார்."

"அதெல்லாம் அவன் பாத்துப்பான். உனக்கு ஏன் அந்தக் கவலை?"

கண்ணாடியருகே போய் நின்றேன். மிஷின் ஓடத் தொடங்கியது. சத்தம் சீராக இருந்தது. முதல் பகுதி முடிந்தது, டூல் எழுந்திருக்கும், இப்போது தாவும் என்று மனதுக்குள் சொன்னேன். அடுத்த கணம் லாரி மோதியதுபோல ஒரு சத்தம். கண்ணாடி அதிர்ந்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். ஒரு வருடத்தில் அந்தத் தரையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எண்ணெய் வழுக்கியது. மிஷின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். டூல் முறிந்து கிடந்தது, அதைப் பிடித்துச் சுழலும் ஸ்பிண்டில் கோணிவிட்டது. மிஷினுக்கு உயிரே ஸ்பிண்டில்தான். கட்டியின் இரண்டு ஓரங்களிலும், மேலிருந்து, கட்டைவிரலைவிடத் தடிமனான இரும்பு கிளாம்புகள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் டூல் மோதிய தடம்.

முதலாளி வந்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதான் உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? ஆங்? கம்ப்யூட்டர்ல பொம்ம வரையறதுன்னு நினைச்சியா இத?"

"சார், கிளாம்ப் மேல இருக்கு. டிராயிங்ல அடியிலதான்..."

"வாய மூடு. எல்லார் முன்னாடியும் எதுத்துப் பேசாத. போ உள்ள."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் எத்தனையோ பார்த்திருப்பார். "எவனாச்சும் ஒருத்தன் தலையில கட்டித்தான் ஆகணும் பாப்பா. மிஷினு தானா ஒடைஞ்சதுன்னு எந்தக் கம்பெனியும் ஒத்துக்கிறாது" என்றார். பிறகு சாப்பிடச் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் அன்று அதிகக் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"மேடம், டிராயிங்க நான் பாத்தேன். அடியில போல்ட் போடணும்னா கட்டியில துளை போட்டு மரை அடிக்கணும். அரை நாள் ஆகும். ஓனர்கிட்ட கேட்டேன். 'டெலிவரிக்கு டைம் இல்ல, மேல கிளாம்ப் போட்டு ஓட்டுடா'ன்னாரு."

"நேத்தே அத சொல்லியிருக்கலாம் இல்ல?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஏன் மாட்லி மேடம்" என்றார், என்ன செய்யட்டும் என்று கன்னடத்தில். "மேடத்துக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு ஓட்டறேன்னும் கேட்டேன். அதெல்லாம் தேவையில்லன்னுட்டாரு. எனக்கு ரெண்டு பசங்க. இந்த மிஷின விட்டா வேற எதுவும் தெரியாது."

அவரைத் திட்டலாம் என்று தோன்றியது. திட்டி என்ன ஆகப்போகிறது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், மேல கிளாம்ப் போடச் சொன்னது நீங்கதானாமே."

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப என்னான்ற?"

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"பாரு. பம்பு கம்பெனிக்காரன் போன் பண்ணான், அச்சு ஏன் லேட்டுன்னு. நான் அவசரப்பட்டு மிஷின ஒடச்சிட்டேன்னு சொன்னா ஆர்டர் வேற எடத்துக்குப் போயிடும். ஆபரேட்டர் தப்புன்னு சொன்னா, தேறாத ஆள வெச்சு ஓட்டறான்னு பேராயிடும். புதுசா ஒரு பொண்ணு வந்துருக்கா, ப்ரோக்ராம்ல தப்பு பண்ணிட்டான்னு சொன்னேன். சிரிச்சான். 'பொண்ணுங்கள வெச்சா இப்படித்தான் சார்'ன்னான். டைம் குடுத்துட்டான்." கைகளை விரித்தார். "உனக்கு இன்னா நஷ்டம்? உன்ன வேலைய விட்டு அனுப்பினேனா? நாளைக்குக் கல்யாணம் ஆயி நீ போயிடுவ. நான் இங்கயே இருக்கணும் இல்ல?"

அவர் குரலில் கோபமே இல்லை. வீட்டில் பெரியவர்கள் எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் கெட்ட மனத்தோடு சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொஞ்ச நாளைக்கு நீ ப்ரோக்ராம் பண்ண வேணாம். டிராயிங் மட்டும் பாரு. ஆறினப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

ஆறவில்லை. ப்ரோக்ராம் எழுத ஒரு பையனை எடுத்தார்கள். அவன் வந்த முதல் நாளே ஷாப் ஃப்ளோருக்குள் போய், மிஷின் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் சரியாகி வந்ததும் கட்டியின் அடியில் துளை போட்டு, மரை அடித்து, நான் வரைந்தபடியே போல்ட் போட்டு ஓட்டினார்கள். அன்று மாலை ஆபரேட்டர் வாசலில் வந்து நின்றார். "உங்க ப்ரோக்ராம்தான் மேடம். ஒரு வரி கூட மாத்தல" என்றார். அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

ஓசூர் பெரிய ஊர்போலத் தெரியும். டூல் ரூம்களின் ஊர் சின்னது. ஒரு முதலாளி மகளின் சீமந்தத்துக்கு மற்ற முதலாளிகள் எல்லோரும் போவார்கள். ஆபரேட்டர்கள் இங்கிருந்து அங்கே மாறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த இன்டர்வியூவில் என் பழைய இடத்தின் பெயரைச் சொன்னதும் எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓ, அந்த ஸ்பிண்டில் ஒடைஞ்ச எடமா?" என்றார். அதற்கு அடுத்த இடத்தில் கேட்கவும் இல்லை. பார்த்தார்கள், சிரித்தார்கள், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். ஒருவர் மட்டும், "ரிசப்ஷனுக்கு ஆள் வேணும், வர்றியாம்மா?" என்று அன்போடு கேட்டார்.

கடைசியில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி ஒரு டிசைன் ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஏதோ ஒரு தேசத்திலிருந்து முப்பரிமாண மாடல் வரும். நாங்கள் அதற்கு அளவுகள் போட்டு வரைபடம் தயாரித்துத் திருப்பி அனுப்புவோம். அதை எங்கே வெட்டுகிறார்கள், யார் வெட்டுகிறார்கள், வெட்டினார்களா இல்லையா, எதுவும் தெரியாது. அங்கே ஷாப் ஃப்ளோரே கிடையாது, அதனால் யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. ஏசி, வேன், நல்ல மரியாதை. அம்மா நிம்மதியானாள். "கம்ப்யூட்டர் வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். நான் திருத்தவில்லை.

அந்த வேலையில் இருந்தபோதுதான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் மெக்கானிக்கல், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் புரொடக்ஷன். பார்க்க நன்றாக இருந்தார், பேச்சில் பந்தா இல்லை. தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் வேலையைப் பற்றிப் பேசினோம். எனக்குப் பிடித்துக்கூடப் போனது. நான் கேம் படித்தவள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு வேடிக்கை நினைவுக்கு வந்தது.

"எங்க ஆளுங்க ஒரு கதை சொல்வாங்க. ஒரு டூல் ரூம்ல ஒரு பொண்ணு ப்ரோக்ராம் போட்டுச்சாம். முதல் ஓட்டத்துலயே ஸ்பிண்டில ஒடச்சிடுச்சாம். அப்புறம் அழுதுகிட்டே ஓடிருச்சாம். இப்பவும் யாராவது ப்ரோக்ராம் தப்பா போட்டா, அந்தப் பொண்ண கூப்பிடுங்கடான்னு சொல்வாங்க" என்று சிரித்தார்.

"நான் அழல" என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். கட்டி, கிளாம்ப், உயரம், போல்ட், குழாயடிப் பேச்சு, முதலாளி சொன்னது எல்லாம். மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே நின்று, கையால் காற்றில் கட்டியின் வடிவத்தைக் காட்டிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். தொழில் தெரிந்தவர், ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். எத்தனையோ நாளாக இதைச் சொல்ல ஓர் ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு, நிஜமான அக்கறையோடு, "அதெல்லாம் சரிங்க. நீங்க ஏன் ஒரு தடவ ஷாப் ஃப்ளோருக்குள்ள போய் நேர்ல பாத்துடல?" என்று கேட்டார்.

கீழேயிருந்து அம்மா காபிக்குக் கூப்பிடும் குரல் கேட்டது. "வாங்க, போலாம்" என்றேன்.

அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. "நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் இல்ல, கையெட்டுற தூரத்துல வேலை. என்னதான் கொறை கண்ட அவன்கிட்ட?" என்று அம்மா அழுதாள். குறை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வேன் வந்தது. கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் சோதனைச் சாவடியில் ரொம்ப நேரம் நின்றோம். ஆபீசில் ஒரு பம்பின் மாடல் வந்திருந்தது, வேறு ஏதோ பெரிய பம்பு. அளவுகள் போட்டேன். இதை வெட்டும்போது எந்தப் பக்கத்தில் பிடிப்பார்கள் என்று வழக்கமாக எனக்குள் எழும் கேள்வி அன்றும் எழுந்தது. டீம் லீடரிடம் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது நம்ம வேலை இல்லையே" என்றார். சரி என்று அடுத்த தாளைத் திறந்தேன்.